கைகளை வெட்டிய விவரணப்படம்

தவக்காலத்தில் சுரூபங்களை மூடுகிற ஊதாத் துணிகளைக் கோயிலில் கேட்டு வாங்கி, மண்டபத்து ஜன்னல்களில் தொங்கவிட்டிருந்தோம். கொட்டாஞ்சேனை வெயில் அதையும் மீறி உள்ளே வந்தது. சுவர், வாங்கு, ஆட்களின் முகம் எல்லாமே கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன.

தொலைக்காட்சி நிலையத்து வான் வண்டியில் ஏற்றிவந்த டீவிப் பெட்டியை மேசைமேல் வைத்து, வயர்களைப் பொருத்திவிட்டு, கமராக்காரர் சுனில் அய்யே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அவர் அய்யே, சிங்களத்தில் அண்ணன்; அவருக்கு நான் நங்கி, தங்கச்சி. நான் பட்டனை அமர்த்தினேன்.

அது என் முதல் விவரணப்படம். அதுவரை மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கு உதவித் தயாரிப்பாளராக ஓடித்திரிந்தவள், முதன்முறையாக என் பெயரில் ஒன்றைச் செய்திருந்தேன். காது கேளாதவர்களைப் பற்றிய படம். ஒளிபரப்புக்கு முன் அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று நானே ஆசைப்பட்டு ஒழுங்கு செய்த காட்சி அது. வாங்குகளில் இருந்தவர்கள் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடைப் பக்கங்களிலிருந்து வந்த காது கேளாதவர்கள்.

கொஞ்ச நேரம் எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் முழங்காலைத் தட்டி, கையால் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார். முன்வாங்குப் பெண் ஒருத்தி பின்னால் திரும்பி இன்னொருத்தியின் புதுச் சட்டையை விசாரித்தாள். சற்று நேரத்தில் மண்டபம் முழுவதும் கைகள் கதைத்துக்கொண்டிருந்தன. படத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

எங்கள் நிலையத்தின் பிரபலமான அந்தக் கனத்த பின்னணிக் குரல் மட்டும், "மௌனமே மொழியான ஓர் உலகம்..." என்று முழங்கிக்கொண்டிருந்தது. அதைக் கேட்பதற்கு அங்கே நானும் சுனில் அய்யேயும் பிலோமினாவும் மட்டுமே இருந்தோம்.

பாணும் தேனீயும்

பிலோமினாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் பிரிவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தமிழ்க் கல்வி நிகழ்ச்சிப் பிரிவு என்பது நடைகூடத்தின் கடைசி அறை. பாதி அறையில் நாங்கள், மீதிப் பாதியில் யாரோ ஒரு நாடகத்துக்குச் செய்த அட்டைத் தூண்கள். தூண்களை யாரும் திருப்பி எடுக்க வரவில்லை. நாங்களும் அவற்றில் நாட்காட்டி தொங்கவிட்டுக்கொண்டோம்.

யுத்த காலம். துறைமுகத்தைப் படம் பிடிக்கக்கூடாது. ரயில் பாதை, பாலம், கடற்கரை, உயரமான கட்டடம் எதையும் பிடிக்கக்கூடாது. ஒரு தென்னை மரத்தைப் பிடிப்பதென்றாலும் பின்னால் என்ன தெரிகிறது என்று பார்த்துத்தான் கமராவை நிறுத்தவேண்டும். நான் துறைமுகக் கிளார்க் ஒருவரின் மகள். கப்பலின் ஊதல் சத்தத்தில் வளர்ந்தவள். அந்தத் துறைமுகத்தை ஒரு நாளாவது பிடிக்கவேண்டும் என்பது என் பெரிய ஆசை. அது கடைசிவரை நடக்கவில்லை.

அதனால் பிடிக்கக்கூடியவற்றைப் பிடித்தோம். பல் துலக்குவது எப்படி. தேனீயின் வாழ்க்கை. நுளம்பு எங்கே முட்டையிடும். பின்னக் கணக்கை விளக்குவதற்கு ஸ்டூடியோவில் ஒரு இறாத்தல் பாணை வெட்டினோம். கால்பங்கைக் காட்டவேண்டிய நேரத்தில் பார்த்தால் அந்தக் கால்பங்கை யாரோ சாப்பிட்டுவிட்டார்கள். கணக்கு ஆசிரியர் அசையாமல், "மிச்சம் முக்கால்" என்று பாடத்தைத் தொடர்ந்தார். எங்கள் நிகழ்ச்சிகளிலேயே நன்றாக விளங்கிய பாடம் அதுதான் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலையில், நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், பிலோமினா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து அண்ணன் செத்திருப்பார்"

பிலோமினா எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், சட்டை தைப்பவள். அவளுடைய அண்ணன் யேசுதாசன் பிறவியிலேயே காது கேளாதவர். வெள்ளவத்தையில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் கைபட்டுத்தான் வெளியே வரும். காலையில் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவார், பொழுதுபட முன் திரும்புவார். தாய் தகப்பன் இல்லை. அண்ணனும் தங்கச்சியும்தான்.

"ரெஜினாக்கா, நேத்து அண்ணன் செத்திருப்பார்," என்றாள்.

"என்னடி சொல்றாய்? உள்ளுக்கு வா முதல்ல."

அவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"வேலை முடிஞ்சு வந்தவர். செக்பொயின்ட்ல எல்லாரையும் பஸ்ஸால இறக்கிப் பார்த்திட்டு விட்டிருக்கிறாங்கள். அண்ணன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிட்டார். பின்னால ஒரு ஆமிக்காரன் நில்லெண்டு கத்தியிருக்கிறான். இவருக்கு என்ன தெரியும்? தன்பாட்டில போறார். திரும்பவும் கத்தியிருக்கிறான். பிறகு துவக்கைத் தூக்கிட்டான் அக்கா."

"ஐயோ. பிறகு?"

"ரோட்டோரத்தில தம்பிலி இளநீர் விக்கிற சிங்கள அம்மா இருக்கிறாவே, அவதான் கத்தியைப் போட்டிட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிப்பிடிச்சிருக்கிறா. 'எயாட்ட எஹென்னே நே, எயாட்ட எஹென்னே நே' எண்டு கத்தினவவாம். அவதான் வீடுவரைக்கும் கூட்டிவந்து விட்டிட்டு எனக்கு நடந்ததைச் சொன்னவ."

அவனுக்குக் காது கேட்காது. அந்தச் சிங்களச் சொல் மூன்றும்தான் ஒரு மனிதனைக் காப்பாற்றியிருந்தன.

"அண்ணன் இப்ப எப்படி இருக்கிறார்?"

"வேலைக்குப் போயிட்டார்," என்றாள் பிலோமினா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்று பஸ்ஸில் போகும்போதே நான் தீர்மானித்துவிட்டேன். தேனீயைப் பற்றி இனி யாராவது செய்யட்டும். காது கேளாத மனிதர் ஒருவர் இந்த நகரத்தில் ஒரு நாளைக் கழிப்பது எப்படி என்று நான் அரைமணி நேரப் படம் செய்வேன். பார்க்கிறவர்களில் ஒருவனாவது துவக்கோடு நிற்பவனாக இருப்பான். அவனுக்கு இப்படியும் மனிதர்கள் நடந்துபோகிறார்கள் என்று தெரியட்டும்.

அச்சகத்துப் பின்முற்றம்

அனுமதி கிடைத்தது, பாதி. அச்சகத்தைப் பிடிக்கலாம், வீட்டைப் பிடிக்கலாம். பஸ்ஸைப் பிடிக்கக்கூடாது. சோதனைச்சாவடியின் பக்கமே போகக்கூடாது.

சோதனைச்சாவடி இல்லாமல் இந்தப் படம் என்ன படம்? அச்சகத்தின் பின்முற்றத்தில், வெட்டிப்போட்ட கடதாசித் துண்டுகளுக்கு நடுவே இருந்து தேநீர் குடித்துக்கொண்டு நானும் சுனில் அய்யேயும் இதையே கதைத்துக்கொண்டிருந்தோம். பிலோமினா எங்கள் கதையை அண்ணனுக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யேசுதாசன் கோப்பையைக் கீழே வைத்தார். எழும்பி, சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் போய் நின்றார். எங்களைப் பார்த்து, தொடங்கட்டுமா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

முதலில் அவர் அவராகவே நடந்தார். வேலை முடிந்த களைப்பு, தோளில் பை, வீட்டில் என்ன சமைத்திருப்பாள் என்ற யோசனை. எல்லாம் அந்த நடையில் தெரிந்தன. அடுத்த கணம் திரும்பி நின்றார். இப்போது அவர் சிப்பாய். வாய் அகலத் திறந்து மூடியது. கைகள் எழுந்து, இல்லாத துவக்கு ஒன்றைத் தோளில் பதித்தன. பிறகு சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஓடிவந்த தம்பிலி அம்மா. அந்த அம்மாவின் உடம்பும் மூச்சிரைப்பும் அப்படியே வந்தன. கட்டிப்பிடிபட்டவுடன் மறுபடி யேசுதாசன். யார் இந்த மனிசி, ஏன் என்னைக் கட்டிப்பிடிக்கிறாள் என்ற கோபம். கோபத்தோடு திரும்பியவர் பின்னால் நிற்பவனைக் கண்டார். அப்படியே உறைந்தார்.

மூன்று பேரின் கதையை ஒரே ஆள் ஒரு சுவருக்கு முன்னால் செய்துமுடித்தார்.

சுனில் அய்யே முதலில் தூர நின்று முழு உருவமும் தெரியும்படி பிடித்தார். நான் இன்னொருமுறை செய்யச் சொல்லிக் கேட்டு, முகத்தைக் கிட்டவாகப் பிடிக்கச் சொன்னேன். முடிந்ததும் அவர் கமராவை இறக்கிவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மல்லி, அதாவது தம்பி, ஆமியில் வடக்கில் இருந்தான்.

"நங்கி, அந்தச் சிப்பாயைப் பார்த்தீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். "அவன் முழங்கால் நடுங்குது. யேசுதாசன் அவனைக் கெட்டவன் எண்டு காட்டேல்ல. பயந்தவன் எண்டு காட்டுறார்."

உண்மைதான். எனக்கு அவர் சொன்ன பிறகுதான் அது தெரிந்தது.

மேபல் அன்ரியின் கேள்வி

இனி ஊதா நிற மண்டபத்துக்கு வருகிறேன்.

படத்தின் நடுப்பகுதியில் அந்தப் பின்முற்றக் காட்சி வந்ததும், கதைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் திரைக்குத் திரும்பினார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதுவும் சில விநாடிகள்தான். முகங்களில் குழப்பம் தெரிந்தது. ஒருவர் எழும்பி நின்று டீவிப் பெட்டியின் கீழ்விளிம்பை எட்டிப் பார்த்தார், அதற்குக் கீழே ஏதோ மறைந்திருப்பதுபோல.

படம் முடிந்தது. முன்வாங்கில் இருந்த மேபல் அன்ரி எழும்பினார். காது கேளாதவர்களுக்கு அந்தப் பகுதியில் அவர்தான் மூத்தவர். என்னைப் பார்த்து இரண்டு கைகளாலும் ஏதோ கேட்டார். தன் மணிக்கட்டில் மறுகையால் வெட்டிக் காட்டினார். பிலோமினா மொழிபெயர்க்காமல் நின்றாள்.

"என்ன கேக்கிறா?" என்றேன்.

"கோவிக்காதீங்க அக்கா."

"சொல்லு."

"'ஏன் இந்தப் பிள்ளையின்ட கையை வெட்டினீங்கள்?' எண்டு கேக்கிறா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம்தான் உணர்ச்சி என்று நினைத்து, அந்தக் காட்சி முழுவதற்கும் நான் கிட்டவாகப் பிடித்ததைப் போட்டிருந்தேன். வியர்வைத் துளி, இமை, உதடு. கைகள் எல்லாம் திரைக்கு வெளியே போய்விட்டன. கைதான் அவர்களுக்கு வாய். நான் பேசுகிறவரின் வாயைப் பொத்திவிட்டு அவருடைய நெற்றியின் அழகைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பின்வாங்கிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. கேட்கிறவர்களுக்காக இதில் யாரோ கதைத்துக்கொண்டிருப்பாரே, அவர் என்ன சொல்கிறார்? பிலோமினா "மௌனமே மொழியான உலகம்" என்பதைக் கையால் சொல்லிக் காட்டினாள். அவ்வளவுதான், மண்டபமே குலுங்கிச் சிரித்தது. மேபல் அன்ரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னவாம்?"

பிலோமினாவும் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்: "எங்கட உலகத்தில எங்கயடி மௌனம், நாங்கள் கை ஓயாமல் கதைக்கிறம் எண்டு சொல்றாங்க."

வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அந்த நிமிடமே எடிட்டிங் அறைக்கு ஓடவேண்டும்போல ஒரு துடிப்பு. இந்தப் படத்தை எப்படிச் செய்யவேண்டும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஒரு தயாரிப்பாளருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சுனில் அய்யே வயரைச் சுற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "தூர நின்று பிடித்த கசெட் பத்திரமாக இருக்கு, நங்கி."

சத்தம் எங்கே?

பின்னணிக் குரலை எடுத்தேன். இசையை எடுத்தேன். பிறகு, அச்சியந்திரத்தின் சத்தம் மட்டும் ஏன் இருக்கவேண்டும் என்று அதையும் எடுத்தேன். யேசுதாசனுக்கு நாள் எப்படிப் போகிறதோ அப்படியே போகட்டும். பின்முற்றக் காட்சியை ஒரு இடத்திலும் வெட்டாமல் முழுதாக வைத்தேன். தேவையான இடங்களில் தமிழிலும் சிங்களத்திலும் சின்ன எழுத்துகள்.

குரல் கொடுத்தவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். பெரிய மனிதர். "தங்கச்சி, நான் வாய் திறக்காத படம்தான் என்னுடைய நல்ல படம் எண்டு சனம் சொல்லப்போகுது," என்று அதே கனத்த குரலில் சிரித்தார்.

எங்கள் பிரிவுப் பணிப்பாளர் அப்படிச் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர், வெள்ளவத்தையில் இருந்தவர். நல்ல மனிதர், பயந்த சுபாவம். படத்தைப் போட்டதும் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

"பிள்ளை, சத்தம் எங்கே?"

"இல்லை சேர்."

"இனித்தான் போடப்போறீரோ?"

"இல்லை சேர். இதுதான் முடிஞ்ச படம்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீர் என்ன, விளையாடுறீரோ? இந்தக் காலத்தில டீவி பேசாமல் நிண்டால் சனம் என்ன நினைக்கும்? எங்கையோ குண்டு வெடிச்சிட்டுது எண்டெல்லே நினைக்கும். வேலைக்குப் போனவையைத் தேடி ரோட்டுக்கு ஓடும்."

அவர் சொன்னது சும்மா சாட்டு அல்ல. வானொலியில் பாட்டு நடுவில் நின்றால் அந்த நாட்களில் எல்லோரும் செய்கிற வேலையை விட்டுவிட்டு அறிவித்தலுக்குக் காது கொடுப்பார்கள். நானும் அப்படித்தான்.

"முதல்லயே எழுத்தில போடுவம் சேர். உங்கள் பெட்டியில் பழுது இல்லை, நாட்டில் எதுவும் நடக்கவில்லை எண்டு."

பணிப்பாளர் என்னை ஒருகணம் பார்த்தார். "நாட்டில எதுவும் நடக்கவில்லை எண்டு எங்களால எழுதேலாது, பிள்ளை," என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவரே பேனையை எடுத்து எழுதினார்: "உங்கள் பெட்டியில் பழுது இல்லை. இந்த அரைமணி நேரமும் சத்தம் இருக்காது. கைகளைப் பாருங்கள்." அந்த மூன்றாவது வரி அவருடையது. நான் ஒருநாளும் அதை என்னுடையது என்று சொன்னதில்லை.

ஆனால் படம் மேலே போகவேண்டும். மேல்மாடியில் ஒளிபரப்புக்கு முன் பார்த்துச் சம்மதிக்கிற குழு ஒன்று இருந்தது. அதில் ஒரு அதிகாரி பின்முற்றக் காட்சி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"இது நம்முடைய சிப்பாய்தானே?" என்று சிங்களத்தில் கேட்டார். "சாதாரண மனிதன்மேல் துவக்கு நீட்டுகிறான் என்று காட்டுகிறீர்கள். இதை வெட்டவேண்டும்."

என் வாயிலிருந்து பதில் தானாக வந்தது. "சேர், அவருடைய கையில் ஒன்றுமே இல்லை."

திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். இன்னொருமுறையும் பார்த்தார்கள். ஒரு வெள்ளைச் சுவர், ஒரு மனிதர், வெறுங்கை. சீருடை இல்லை, துவக்கு இல்லை, சாவடி இல்லை, ஒரு சொல்லும் இல்லை. எதை வெட்டுவது?

அறையின் பின்னால் நின்ற சுனில் அய்யே யாரும் கேட்காமலே பேசினார். கமராக்காரர்கள் அந்தக் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. "சேர், என் தம்பி இப்போது ஒரு சாவடியில்தான் நிற்கிறான். அவன் இதைப் பார்க்கவேண்டும் என்று நான் விரும்புகிறேன். தெரியாமல் ஒரு ஆளைச் சுட்டுவிட்டு அவன் வீட்டுக்கு வரக்கூடாது."

அந்த அதிகாரி சுனில் அய்யேயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இதில்தான் ஒருவரும் தமிழில் பேசவில்லையே, சிங்கள எழுத்தும் இருக்கிறது. சிங்களப் பிரிவிலும் போடலாம்தானே?" என்றார். அப்படித்தான் எங்கள் கடைசி அறையில் செய்த ஒரு படம் முதல்முறையாகத் தமிழ், சிங்களம் இரண்டு நேரங்களிலும் போவதென்று முடிவானது.

ஒழுங்கை முழுவதும்

ஒளிபரப்பான மாலை நான் பிலோமினா வீட்டில் இருந்தேன். அக்கம்பக்கத்தார் உள்ளேயும் ஜன்னலிலும் நிறைந்திருந்தார்கள். அறிவித்தலை வாசித்த பிறகும் ஒருவர் எழும்பிப் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "சும்மா இருங்க அண்ணே, அப்படித்தான்!" என்று பிலோமினா அதட்டினாள்.

பின்முற்றக் காட்சி வந்தபோது ஒருவரும் அசையவில்லை. தம்பிலி அம்மா ஓடிவரும் இடத்தில் யாரோ ஒரு பெண் "மாதாவே" என்றாள். அது முடிந்ததும் எல்லோரும் திரும்பி மூலையில் இருந்த யேசுதாசனைப் பார்த்தார்கள். அதே ஒழுங்கையில் பிறந்து வளர்ந்த மனிதர். அவருக்கு நடந்தது அன்றுவரை முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கைகளை அங்குமிங்கும் ஆட்டினார். யேசுதாசன் அவருடைய பெரிய விரல்களைப் பிடித்து, இதற்கு இப்படி என்று திருத்திக் கொடுத்தார்.

சாவடியில் என்ன மாறியது என்று கேட்பீர்கள். சில வாரங்களில், அங்கே நிற்பவர்கள் இப்போது அண்ணனுக்கு முன்னால் வந்து கையை அசைத்து நிறுத்துகிறார்கள் என்று பிலோமினா சொன்னாள். அது படத்தாலா, தம்பிலி அம்மா அவர்களை நாள்தோறும் திட்டியதாலா என்று எனக்குத் தெரியாது. எதனாலென்றாலும் எனக்குச் சம்மதம்.

படம் போனதற்கு மறுநாள் காலை, நிலையத்து வாசலிலிருந்து காவலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினான்.

"மிஸ், கொஞ்சப் பேர் வந்திருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை."

"எத்தனை பேர்?"

"இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள், மிஸ்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், வாசல் மதிலோரம் முழுவதும். எல்லோருக்கும் சைகை ஒன்றுதான், அதனால் யாருக்கும் யாரிடமும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இல்லை. அவரவருக்கு நடந்த கதையைச் சொல்ல வந்திருந்தார்கள்.

மட்டக்குளிப் பக்கத்து இளைஞன் ஒருவன் தன் பையைக் கீழே வைத்து, மற்றவர்களைப் பின்னால் தள்ளி இடம் எடுத்துக்கொண்டான். ஒரு பஸ்ஸில் நடந்த கதை. நடுவில் அவனுக்கு ஒரு கொண்டக்டர் தேவைப்பட்டது. சுற்றிப் பார்த்துவிட்டு, நேரே போய்க் காவலாளியின் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினான். காவலாளி முழித்தான். பிறகு துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு கையால் இல்லாத பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடித்தபடி மறுகையை டிக்கட் காசுக்கு நீட்டினான். கூட்டம் சிரித்தது.

சுனில் அய்யே எப்போது கமராவோடு வந்தார் என்று தெரியாது. என் தோளருகே நின்று, "வாசலில் படம் பிடிக்க அனுமதி வேண்டுமே, நங்கி. மேலே போய்க் கேட்கிறீங்களா?" என்றார்.

"நீங்கள் பிடியுங்கள்," என்றேன்.